உங்கள் வாக்குச்சாவடியின் கணக்கை நீங்கள் சரிபார்க்க முடியுமா? படிவம் 17சி, படிவம் 20 குறித்து அறிய வேண்டியவை

மும்பை: மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் சரியாக எண்ணுகின்றனவா என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னரும் எழுகிறது. அதற்கு விடை தரக்கூடிய ஆவணங்கள் அரசிடம் உள்ளன. அவற்றில் எவை பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துள்ளன, எவற்றுக்கு நீதிமன்ற உத்தரவு தேவை, எவ்வளவு காலத்துக்குள் கேட்க வேண்டும் என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

48 வாக்கு வித்தியாசம்

தமிழர்கள் அதிகம் வசிக்கும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகள் மும்பை தென் மத்திய மக்களவைத் தொகுதியில் அடங்கும். 2024 மக்களவைத் தேர்தலில் அங்கு சிவசேனை (உத்தவ்) வேட்பாளர் அனில் தேசாய் 53,384 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இத்தகைய இடைவெளியில் ஓரிரு வாக்குச்சாவடிகளின் கணக்கு மாறினாலும் முடிவு மாறாது.

அதே நகரின் வடமேற்குத் தொகுதியில் நிலைமை வேறாக இருந்தது. இயந்திர வாக்குகளில் சிவசேனை (உத்தவ்) வேட்பாளர் அமோல் கீர்த்திகர் 4,51,095 வாக்குகளும், சிவசேனை வேட்பாளர் ரவீந்திர வாய்க்கர் 4,51,094 வாக்குகளும் பெற்றனர். தபால் வாக்குகள் சேர்க்கப்பட்ட பின் வாய்க்கர் 48 வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வாக்கு எண்ணும் மையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை கீர்த்திகர் கோரியபோது, நீதிமன்ற உத்தரவின்றி அவற்றை வழங்க இயலாது எனத் தேர்தல் நடத்தும் அலுவலர் தெரிவித்தார். கீர்த்திகர் தொடர்ந்த தேர்தல் வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

இரண்டு படிவங்கள்

வாக்கு எண்ணிக்கையின் துல்லியத்தை அறிய அடிப்படையானவை இரண்டு ஆவணங்கள்.

முதலாவது படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரும் இதன் முதல் பகுதியைப் பூர்த்தி செய்கிறார். இயந்திரத்தின் வரிசை எண், வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்திட்டோர் எண்ணிக்கை, இயந்திரத்தில் பதிவான மொத்த வாக்குகள் ஆகியவை அதில் இடம்பெறும். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49எஸ் விதிப்படி, அங்கிருக்கும் ஒவ்வொரு வாக்குச்சாவடி முகவருக்கும் இதன் நகல் தரப்பட வேண்டும். வாக்கு எண்ணும் நாளில், வேட்பாளர் வாரியான வாக்குகள் இதன் இரண்டாம் பகுதியில் எழுதப்படும்.

இரண்டாவது படிவம் 20. தொகுதியின் அனைத்து வாக்குச்சாவடிகளிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் கொண்ட இறுதி முடிவுத் தாள் இது. இது மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியிடப்படுகிறது. யாரும் பதிவிறக்கம் செய்யலாம்.

ஒரு சாவடியில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதை படிவம் 17சி காட்டுகிறது. எத்தனை எண்ணப்பட்டன என்பதை படிவம் 20 காட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் ஒப்பீடு சாத்தியம். ஆனால் பொதுமக்களுக்கு எளிதில் கிடைப்பது இரண்டாவது மட்டுமே.

ஏன் இந்த ஒப்பீடு அவசியம்?

2024 மக்களவைத் தேர்தலில் 362 தொகுதிகளில் பதிவானதைவிட 5,54,598 வாக்குகள் குறைவாகவும், 176 தொகுதிகளில் 35,093 வாக்குகள் கூடுதலாகவும் எண்ணப்பட்டதாக ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம் அறிக்கை வெளியிட்டது. மாதிரி வாக்குப்பதிவுத் தரவு அழிக்கப்படாத இயந்திரங்களும், படிவம் 17சி-யுடன் பொருந்தாத இயந்திரங்களும் நடைமுறைப்படி தனியே வைக்கப்படுவதால் இத்தகைய வேறுபாடு வரலாம் என்பது ஆணையத்தின் விளக்கம். எந்தச் சாவடியில் எந்தக் காரணத்தால் வேறுபாடு நேர்ந்தது என்பதை இரு படிவங்களும் இருந்தால் மட்டுமே வெளியாட்கள் அறிய முடியும்.

2024 நவம்பர் 20 அன்று நடந்த மகாராஷ்டிர சட்டப்பேரவைத் தேர்தலில் மாலை 5 மணிக்கு 58.22 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு, இறுதியில் 66.05 சதவீதமாக அறிவிக்கப்பட்டது. இதுகுறித்துக் கேள்வி எழுந்தபோதும், முகவர்களிடம் உள்ள படிவம் 17சி-யையே ஆணையம் சான்றாகக் காட்டியது. அத்தேர்தலில் மாகிம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 1,316 வாக்குகள் மட்டுமே.

உச்ச நீதிமன்றம் கூறியது என்ன?

படிவம் 17சி-யை உடனுக்குடன் இணையத்தில் வெளியிட உத்தரவிடக் கோரிய மனுவில், இடைக்கால உத்தரவு பிறப்பிக்க உச்ச நீதிமன்றம் 2024 மே 24 அன்று மறுத்தது. முகவர்களைத் தவிர வேறு எவருக்கும் இப்படிவத்தைப் பெற சட்ட உரிமை இல்லை என்றும், இணையத்தில் வெளியிட்டால் படங்கள் திரிக்கப்படலாம் என்றும் ஆணையம் வாதிட்டிருந்தது.

அதற்கு முன், 2024 ஏப்ரல் 26 அன்று, ஒப்புகைச் சீட்டுகள் முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ஒவ்வொரு சட்டப்பேரவைத் தொகுதியிலும் 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணும் 2019-ஆம் ஆண்டு நடைமுறையே தொடர்கிறது. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான 7 நாள்களுக்குள் எழுத்துமூலம் கோரினால், 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்க அத்தீர்ப்பு வழி செய்தது. செலவை வேட்பாளரே ஏற்க வேண்டும். முறைகேடு உறுதியானால் தொகை திருப்பித் தரப்படும். வாக்காளருக்கு இவ்வுரிமை இல்லை.

மாறிய விதி 93

தேர்தல் தொடர்பான 'மற்ற அனைத்து ஆவணங்களும்' பொதுமக்களின் பார்வைக்கு உரியவை என விதி 93(2) கூறிவந்தது. ஹரியாணா சட்டப்பேரவைத் தேர்தலின் காணொலிப் பதிவுகளையும் படிவம் 17சி நகல்களையும் வழக்கறிஞர் ஒருவருக்கு வழங்குமாறு பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 9 அன்று உத்தரவிட்டது. டிசம்பர் 20 அன்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. 'இவ்விதிகளில் குறிப்பிடப்பட்டுள்ள' ஆவணங்கள் மட்டுமே பார்வைக்கு உரியவை என்றாகி, கேமரா பதிவுகள் விலக்கப்பட்டன. வாக்காளரின் ரகசியம் காக்கவும், செயற்கை நுண்ணறிவு மூலம் பதிவுகள் திரிக்கப்படுவதைத் தடுக்கவும் இத்திருத்தம் என விளக்கம் தரப்பட்டது. இதை எதிர்த்து காங்கிரஸ் தலைவர் ஜெய்ராம் ரமேஷ் தொடுத்த மனு மீது உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் நோட்டீஸ் பிறப்பித்தது.

45 நாள் கெடு

தேர்தல் வழக்குத் தொடர முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்கள் அவகாசம் உண்டு. அந்த 45 நாள்களில் வழக்கு ஏதும் தொடரப்படாவிட்டால் காணொலிப் பதிவுகளை அழித்துவிடலாம் என 2025 மே 30 அன்று ஆணையம் அறிவுறுத்தியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கணக்கு வேறு. மனுவுக்குப் பதிலளிக்கவே 30 நாள்கள் அவகாசம் உண்டு. பதில் மறுக்கப்பட்டால், முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 முதல் 45 நாள்கள் ஆகலாம். அதாவது, மேல்முறையீடு முடியும் முன்பே கேட்ட பதிவு இல்லாமல் போகக்கூடும்.

பிழை எங்கே நேர்கிறது?

ஹரியாணாவின் பானிபட் மாவட்டம் புவானா லாகு ஊராட்சித் தலைவர் தேர்தல் 2022 நவம்பரில் நடந்தது. அதன் இயந்திரங்கள் உச்ச நீதிமன்ற வளாகத்துக்கே கொண்டுவரப்பட்டு, பதிவாளர் முன்னிலையில் மறுஎண்ணிக்கை நடந்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 1,051 வாக்குகளும், வென்றதாக அறிவிக்கப்பட்டவர் 1,000 வாக்குகளும் பெற்றது தெரியவந்தது. 2025 ஆகஸ்டில் முடிவு திருத்தப்பட்டது. இயந்திரத்தில் பதிவு இருந்தும், உண்மையான முடிவு வெளிவர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின.

ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் வழங்கிய தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி, அந்நாட்டில் பயன்படுத்தப்பட்ட வாக்குப்பதிவுக் கணினிகளை அந்நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

வாக்காளர் செய்யக்கூடியவை

* உங்கள் வாக்குச்சாவடி எண்ணை வாக்காளர் பட்டியலில் பார்த்துக் குறித்து வையுங்கள்.
* முடிவுக்குப் பின், தொகுதியின் படிவம் 20-ஐப் பதிவிறக்கி உங்கள் சாவடியின் மொத்த வாக்குகளைப் பாருங்கள்.
* உங்கள் பகுதியில் முகவராக இருந்தவரிடம் படிவம் 17சி நகல் உள்ளதா எனக் கேட்டு, இரு எண்களையும் ஒப்பிடுங்கள்.
* வேறுபாடு இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். 45 நாள் கெடுவை மனதில் கொண்டு, தகவல் உரிமை மனுவை முதல் வாரத்திலேயே அனுப்புவது நல்லது.