பட்டறைக்கு வந்த இதயம்!

திண்டுக்கல் பூட்டு, நாடறிந்த பூட்டு! சாவி போட்டும் திறக்காத பூட்டு பட்டறைக்கு வந்தால் தொழிலாளி என்ன செய்கிறார்? "அதன் தலையெழுத்து" என்று தூக்கி எறிகிறாரா? இல்லை! பிரிக்கிறார், எந்த லீவர் இடிக்கிறது என்று பார்க்கிறார், பழுதைக் கண்டுபிடிக்கிறார்.

ஆனால், நேற்றுவரை நிலக்கோட்டையில் பூப்பறித்த இளைஞன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? "விதி முடிந்தது" என்கிறோம்! பூட்டுக்குச் செலவிடும் அறிவை மனிதனுக்குச் செலவிட மறுக்கிறோம்!

"உயிரோடிருப்பவன் இதயத்தைப் பிரித்துப் பார்க்க முடியுமா?" என்பீர்கள். பிரிக்க வேண்டாம் தோழர்களே, வளர்க்கலாம்! மனிதத் தோலின் உயிரணுவைக் குருத்தணுவாக மாற்றலாம் என்று 2007-இல் காட்டினார் ஜப்பானிய அறிஞர் யாமானகா. 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் குருத்தணுவை இதயத் தசையாக வளர்த்தால், கண்ணாடித் தட்டில் அது துடிக்கிறது! நோயாளியின் சிறிதளவு இரத்தமும் போதும். அவருடைய மரபுக் குறையையே சுமந்த தசைத் துணுக்கு கிடைத்துவிடும். உயிரணுவுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதில்தான் துடிப்பின் தாளம் இருக்கிறது. அது எங்கே தப்புகிறது என்று பார்க்கலாம். மருந்தை மனிதனுக்குக் கொடுக்குமுன் துணுக்குக்குக் கொடுத்துச் சோதிக்கலாம்.

எங்கோ நடக்கும் வேடிக்கையா இது? அல்ல! பக்கத்து மதுரையில், காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணியும் துணைநின்ற அறிஞர்களும் 2009-இல் உலகுக்கு அறிவித்தனர்: இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன குறை, இந்தியரில் 100 பேருக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இருக்கிறது! வயது ஏற ஏற அவர்களுக்கு இதயம் நலியும் ஆபத்து கூடுகிறது. இதயத் தசை நோயும் தாளம் தப்பிய துடிப்பும் கூடப்பிறந்தவை அல்லவா? 2018-இல், அமெரிக்காவில் சக்திவேல் சடையப்பன் குழுவினர், இக்குறையோடு மற்றொரு மாற்றமும் சேர்ந்த தசையணுக்களைத் தட்டில் வளர்த்தனர். கால்சியத் தாளம் பிசகுவதைக் கண்டனர்.

மிகைப்படுத்த வேண்டாம். தட்டில் துடிப்பது முழு இதயமல்ல. கருவிலிருக்கும் குழந்தையின் இதயம்போல முதிராத தசை. குறையுள்ளவர் அனைவரும் நோயாளிகளுமல்லர். ஆனால், பழுது எங்கே என்று தேட வழி பிறந்துவிட்டது!

அந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றால் ஏழைக்கு என்ன பயன்? வேடசந்தூர்ச் சிற்றூரில் இளவயதுக்காரர் ஒருவர் திடீரென மறைந்தால், அவர் உடன்பிறந்தாருக்கு இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும், இதயம் சோதிக்கப்பட வேண்டும். கேளுங்கள்! ஒப்பாரி ஓய்ந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள்!

பூட்டுக்குப் பட்டறை உண்டு. நெஞ்சுக்கு மட்டும் விதியா?