சம்பள ஆலோசகரைத் தெரிதலும் ஆளுதலும்

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம். அதையடுத்து 'தெரிந்து வினையாடல்' என்று இன்னோர் அதிகாரம். ஆளைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, தேர்ந்தவரிடம் வேலை வாங்குவது வேறொரு வேலை என்பதனால்தான் வள்ளுவப் பெருந்தகை இரண்டாகப் பிரித்தார் போலும். அரசனுக்குச் சொன்ன இந்த இரண்டும், பத்து இருபது பேரை வைத்துத் தொழில் நடத்தும் நம்மவர் ஒரு சம்பள ஆலோசகரை அமர்த்தும்போதும் அப்படியே பொருந்துகின்றன. நான் வழக்கறிஞன் அல்லன், வியாபாரி. ஆகவே வாங்குபவன் நிலையில் நின்றே எழுதுகிறேன்.

ஏன் ஆலோசகர்?

பிற மாநிலங்களில் கடையோ ஓட்டலோ பட்டறையோ வைத்திருக்கும் தமிழர்கள் கணக்குக்கு ஆடிட்டரை நன்றாக விசாரித்துத்தான் வைக்கிறார்கள். சம்பளச் சட்டத்துக்கு மட்டும், 'பக்கத்துக் கடைக்கு பி.எஃப். பார்க்கிறாரே, அவரே போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கணக்கு சிறியதல்ல. பொதுவாக ஆள் பத்தானால் இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும் வந்துவிடும். இருபதானால் பி.எஃப்.பும் போனஸும் சேரும். பி.எஃப்.புக்குத் தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம். இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் முதலாளி 3.25, தொழிலாளி 0.75 சதவீதம். போதாக்குறைக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. மகாராஷ்டிரத்தில் தொழில் வரி பிடிக்க வேண்டும், டெல்லியில் அந்த வரியே கிடையாது. குறைந்தபட்சக் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். இரண்டு மாநிலத்தில் கிளை வைத்திருப்பவர் ஒரே கணக்கை இரண்டு இடத்திலும் போட்டால் ஓரிடத்தில் நிச்சயம் தவறு.

இதற்கு மேல், 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 'ஊதியம்' என்ற சொல்லுக்கே பொருள் மாறிற்று. பழைய சம்பளச் சீட்டை அப்படியே ஓட்ட முடியாது.

தெரிதல்

இந்தச் சேவையை விற்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். எந்தப் பதவிக்குச் சந்தையில் என்ன சம்பளம் என்று கணக்கெடுத்து விற்கும் மெர்சர், ஏயான் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒரு வகை. நூற்றுக்கணக்கில் ஆள் வைத்திருப்பவருக்கே அவை தேவை. மாதந்தோறும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குச் செலுத்துபவர் இரண்டாம் வகை. குழு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தரும் புரோக்கர் மூன்றாம் வகை. கிராஜுவிட்டிப் பொறுப்பை மதிப்பிடும் ஆக்சுவரி நான்காம் வகை. நமக்கு எது வேண்டுமென்று முதலில் நாமே தெளிந்துகொண்டு பிறகு ஆளைத் தேட வேண்டும்.

வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்வேன்.

முதலாவது, 'உங்களுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?' காப்பீட்டுப் புரோக்கருக்குக் கமிஷன் தருவது காப்பீட்டுக் கம்பெனி. அதில் குற்றமில்லை, ஆனால் அவருடைய ஆலோசனை இலவசம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. பிரீமியத்தில் அதுவும் அடக்கம்.

இரண்டாவது, 'என்னென்ன செய்வீர்கள், எழுதித் தருவீர்களா?' ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணமா, மொத்தத் தொகையா? இன்ஸ்பெக்டர் வந்தால் நேரில் வருவாரா, அதற்குத் தனிக் கட்டணமா? ஜி.எஸ்.டி. 18 சதவீதம் உள்ளடங்கியதா, மேலேயா? வாயால் 'எல்லாம் நான் பாத்துக்கறேன் சார்' என்பவரிடம் காகிதத்தில் வாங்க வேண்டியது இதுதான்.

மூன்றாவது, 'எனக்கு எப்படி மிச்சம் பிடித்துத் தருவீர்கள்?' இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆளின் தரம் தெரியும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டினால் போதும் என்பார் சிலர். ஒரு கணக்குப் பார்ப்போம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் அடிப்படை 9,000. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி முதலியவை 21,000. பத்தாண்டு வேலை செய்து விலகுபவருக்குப் பழைய முறையில் கிராஜுவிட்டி, 9,000ஐ 26ஆல் வகுத்து 15ஆலும் 10ஆலும் பெருக்க, 51,923 ரூபாய். புதிய தொகுப்பின்படி இத்தகைய படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியத்தோடு சேரும். ஆக ஊதியம் 15,000, கிராஜுவிட்டி 86,538. ஒருவருக்கே 34,615 வித்தியாசம். இருபது பேருக்கு ஏறக்குறைய ஏழு லட்சம். பி.எஃப். விஷயத்திலோ, எல்லோருக்கும் ஒரே சீராகத் தரும் படிகளைப் பிரித்துக் காட்டிச் சந்தாவைக் குறைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்றே சொல்லிவிட்டது. மிச்சத்தை மட்டும் பேசுபவரை விட்டு, 'உங்கள் தலையில் இத்தனை பாரம் ஏறப்போகிறது, ஆண்டுதோறும் எல்.ஐ.சி. குழு கிராஜுவிட்டித் திட்டத்தில் இவ்வளவு ஒதுக்குங்கள்' என்று சொல்பவரைப் பிடியுங்கள்.

ஆளுதல்

ஆலோசகரை அமர்த்திவிட்டால் பொறுப்பு அவருக்குப் போய்விடுவதில்லை. சட்டத்தின் கண்ணில் முதலாளி நாம்தான். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, பி.எஃப். தொகையையும் கட்டணத்தையும் சேர்த்து ஒரே செக்காக ஆலோசகரிடம் கொடுத்துவந்தார். அந்த ஆலோசகர் பல மாதம் தாமதித்தே கட்டியிருக்கிறார். வட்டியும் அபராதமும் வியாபாரிக்கே வந்தன. ஆகவே பணம் நம் வங்கிக் கணக்கிலிருந்து நேரே போக வேண்டும். ஆலோசகருக்கு அவர் கட்டணம் மட்டும். மறுமாதம் 15ஆம் தேதிக்குள் சலான் நம் கைக்கு வர வேண்டும். ஆலோசகர் தரும் அறிக்கையோடு நிற்காமல், ஏதாவது ஒரு தொழிலாளியை அழைத்து, 'உன் பாஸ்புக்கைக் கொஞ்சம் காட்டுப்பா' என்று கேளுங்கள். உமங் செயலியில் ஒரு நிமிட வேலை.

நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டில், பணியிலிருக்கும்போது இறப்பவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்குத் தொழிலாளி ஒரு பைசாவும் தருவதில்லை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர் என்றிருந்தால் அந்தப் பணத்துக்காக விதவையும் குழந்தையும் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டிவரும். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை கொடுப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தைப் போடும் நம் வழக்கம் வடக்கத்திப் படிவங்களில் படாத பாடு படுகிறது.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு வரும் ஐந்து பழுதுகளில், அளவுக்கு மீறிச் சுமையேற்றுவது ஒன்று, உணவையும் நீரையும் தடுப்பது ஒன்று. கள்ளாமை நோன்பின் பழுதுகளில் அளவையில் கூட்டிக் குறைப்பதும் உண்டு. நம் தமிழில் 'படி' என்றால் அளக்கும் பாத்திரம். சம்பளத்தோடு தரும் தொகையும் 'படி'தான். நெல் அளக்கும் படியில் கள்ளம் செய்யாத நாம் சம்பளப் படியில் ஏன் செய்ய வேண்டும்?

இம்மலரைப் படிப்போரில் சம்பளம் கொடுப்பவர் சிலர், வாங்குபவர் பலர். கொடுப்பவர்கள் புதிய தொகுப்புக்கேற்பச் சம்பளச் சீட்டைத் திருத்தியாயிற்றா என்று தங்கள் ஆலோசகரை இந்த மாதமே கேளுங்கள். வாங்குபவர்கள் பாஸ்புக்கையும் நியமனதாரர் பெயரையும் இன்றிரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஐந்தாண்டு காத்திராமல் ஓராண்டு முடிந்தாலே அவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.