குறைந்த விலைப் பொருட்களின் இணையவழிச் சில்லறை வணிகம்

குறைந்த விலைப் பொருட்களின் இணையவழிச் சில்லறை வணிகம் என்பது, சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் அன்றாடப் பொருட்களை அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற இணையச் சந்தைகளின் வழியாக நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் தொழிலாகும். துண்டு, நைட்டி, குழந்தைகள் உடை, கைப்பேசி உறை, சமையலறைக் கருவிகள், கவரிங் நகை, எழுதுபொருட்கள் ஆகியவை இவ்வகையில் அதிகம் விற்கப்படுகின்றன. சிறிய முதலில் தொடங்கலாம், கடை வாடகை இல்லை, நாடு முழுவதும் வாங்குவோர் உள்ளனர் என்பன இத்தொழிலின் ஈர்ப்புகள். ஆனால் ஒவ்வொரு பார்சலுக்கும் ஆகும் செலவு பொருளின் விலைக்கேற்பக் குறைவதில்லை. ஆகவே நன்றாக விற்பனையாகும் பொருளிலும் நட்டம் ஏற்படக்கூடும்.

இணையச் சந்தை இயங்கும் முறை

இணையச் சந்தை என்பது பலர் கடை விரிக்கும் ஒரு பொதுச் சந்தை போன்றது. பொருள் விற்பனையாளருடையது, இடம், விளம்பரம், பணம் வசூலித்தல், பெரும்பாலும் கூரியர் ஏற்பாடு ஆகியவை சந்தை நிறுவனத்துடையவை. அந்நிய முதலீடு பெற்ற சந்தை நிறுவனங்கள் தாமே சரக்கை இருப்பு வைத்து நுகர்வோருக்கு விற்க இந்திய விதிகள் இடம் தருவதில்லை. 2019 பிப்ரவரி முதல் இவ்விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. எனவே இத்தளங்கள் பெருமளவில் வெளி விற்பனையாளர்களையே சார்ந்துள்ளன.

ஃபிளிப்கார்ட் 2007ஆம் ஆண்டு பெங்களூருவில் புத்தக விற்பனையுடன் தொடங்கியது. பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் கேஷ் ஆன் டெலிவரி முறையை அது 2010இல் கொண்டுவந்தது. அமேசானின் இந்தியத் தளம் 2013இல் திறக்கப்பட்டது. 2015இல் தொடங்கப்பட்ட மீஷோ, சிறு நகரங்களில் விலை பார்த்து வாங்குவோரைக் குறிவைத்து வளர்ந்தது. அது 2021இல் விற்பனையாளர் கமிஷனை நீக்கியது. 300 ரூபாய்க்குக் குறைவான ஏராளமான பொருட்களுக்கு அமேசானும் 2025 ஏப்ரலில் கமிஷனைக் கைவிட்டது.

கமிஷன் இல்லை என்பதற்குச் செலவே இல்லை என்று பொருளல்ல. கூரியர் கட்டணம், சில தளங்களில் ஒவ்வொரு ஆர்டருக்குமான நிலையான கட்டணம், கிடங்குக் கட்டணம், விளம்பரச் செலவு ஆகியவை தொடர்கின்றன. இக்கட்டணங்களின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு.

அடக்க விலையும் பார்சல் செலவும்

கடையில் துண்டு விற்பவர் கொள்முதல் விலையைச் சற்றுக் கூட்டி விற்றாலே ஏதோ மிஞ்சும். இணையத்தில் அந்தக் கணக்கு போதாது. 2,000 ரூபாய்ப் பொருளை அனுப்புவதற்கும் அதே எடையுள்ள 200 ரூபாய்ப் பொருளை அனுப்புவதற்கும் கூரியர் கட்டணம் ஏறக்குறைய ஒன்றே. அச்செலவு 65 ரூபாய் என்றால், முன்னதில் அது விலையின் 3 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். பின்னதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்.

கரூர்ப் பகுதியில் நெய்யப்படும் மூன்று சமையலறைத் துண்டுகள் கொண்ட ஒரு கட்டு 199 ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்ளலாம். பின்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகளே. ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் விற்பனையாளருக்கு இவை பொருந்தும்.

விற்பனை விலை: 199.00 ரூபாய்
அதில் அடங்கிய 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.: 9.50
துண்டுகளின் அடக்க விலை: 90.00
பை, லேபிள், ஒட்டுநாடா: 6.00
கூரியர் மற்றும் தளக் கட்டணம்: 65.00
விளம்பரம்: 8.00
மீதி: 20.50 ரூபாய்

கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் மட்டும் பார்ப்பவருக்கு 109 ரூபாய் இடைவெளி தெரியும். உண்மையில் கைக்கு வருவது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் பொருள் திரும்பி வராதபோதுதான்.

திரும்பி வரும் பொருட்கள்

திரும்பி வரும் பார்சல்கள் இரு வகைப்படும். வாங்கியவர் வீட்டில் இல்லாததாலோ, மனம் மாறிப் பெற மறுத்ததாலோ, முகவரி பிழையானதாலோ ஒப்படைக்கப்படாமல் திரும்புவது முதல் வகை. பணம் முன்னதாகச் செலுத்தப்படாத கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களில் இது அதிகம். பொருளைப் பெற்றுப் பிரித்துப் பார்த்தபின் அளவு சரியில்லை, நிறம் வேறு, சேதம் என்று திருப்பி அனுப்புவது இரண்டாம் வகை. முதல் வகைக்குப் பல தளங்கள் விற்பனையாளரிடம் கூரியர் கட்டணம் பெறுவதில்லை. இரண்டாம் வகையில் கட்டணம் பெரும்பாலும் விற்பனையாளர் தலையில் விழுகிறது.

மேற்கண்ட துண்டுக் கட்டில் 100 ஆர்டர்கள் அனுப்பப்படுவதாகக் கொள்வோம். 8 பார்சல்கள் ஒப்படைக்கப்படாமல் திரும்புகின்றன, 7 பார்சல்களை வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகின்றனர், 85 நிலைக்கின்றன.

நிலைத்த 85 விற்பனைகளின் வரவு, கட்டு ஒன்றுக்கு 20.50 வீதம், 1,742.50 ரூபாய். ஒப்படைக்கப்படாத 8 பார்சல்களில் பைக்கும் விளம்பரத்துக்குமாக 14 ரூபாய் வீதம் 112 ரூபாய் போகிறது. திருப்பி அனுப்பப்பட்ட 7 பார்சல்களில் போக வரக் கூரியர் 110 ரூபாய் என்று கொண்டால், பை, விளம்பரம் சேர்த்து 124 ரூபாய் வீதம் 868 ரூபாய் போகிறது. திரும்பிய 15 கட்டுகளில் 3 அழுக்காகியோ கிழிந்தோ மறுபடி விற்க முடியாமல் போனால் இன்னும் 270 ரூபாய் நட்டம். எல்லாம் போக மிஞ்சுவது 492.50 ரூபாய், அதாவது ஆர்டருக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு.

இதில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவது 7இலிருந்து 11ஆக உயர்ந்து, வீணாகும் கட்டுகள் 4 ஆனால், 100 ஆர்டர்களின் முடிவு 175.50 ரூபாய் நட்டமாகும். விற்பனை ஏறக்குறைய அதேதான். நான்கே பார்சல்கள் லாபத்தை நட்டமாக்கிவிடுகின்றன. ஒரு பார்சல் திரும்பி வந்தால் ஆறு விற்பனைகளின் லாபம் போய்விடுகிறது என்பதே இதன் சாரம். எனவே இத்தொழிலில் விற்பனையைக் கூட்டுவதைவிடத் திரும்பி வருவதைக் குறைப்பதே முதல் வேலையாகிறது.

திரும்பி வருவதைக் குறைக்கும் வழிகள்

பொருள் பற்றிய தகவல் துல்லியமாக இருப்பது மிகச் செலவு குறைந்த வழி. துண்டின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பிடுவதும், கைப்பக்கத்தில் வைத்துப் படமெடுப்பதும், துணியின் கனத்தைக் காட்டுவதும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். விளக்கைக் கூட்டி நிறத்தைப் பளிச்சென்று காட்டும் படம் ஆர்டரைக் கொண்டுவரும். அந்தப் பார்சலையே திரும்பவும் கொண்டுவரும்.

அளவு சார்ந்த பொருட்களில் ஆபத்து அதிகம். உடையையும் காலணியையும் விட துண்டு, தலையணை உறை, சமையலறைக் கருவி போன்ற ஒரே அளவுப் பொருட்கள் புதியவர்களுக்குப் பாதுகாப்பானவை. கண்ணாடி, பீங்கான் பொருட்களில் உடையும் செலவையும் சேர்த்தே விலை வைக்க வேண்டியிருக்கும்.

வேறு பொருளையோ பயன்படுத்திய பொருளையோ வைத்துத் திருப்பி அனுப்பும் மோசடிகளும் உண்டு. இதற்காகப் பல விற்பனையாளர்கள் பார்சலைக் கட்டுவதையும், திரும்பி வந்த பார்சலைப் பிரிப்பதையும் காணொளியாகப் பதிவு செய்கின்றனர். தளத்தில் உரிய காலத்துக்குள் இழப்பீடு கோர இது சான்றாகிறது.

எடையும் கன அளவும்

கூரியர் கட்டணம் தராசு எடையை மட்டும் பொறுத்ததல்ல. பார்சலின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை, கிலோவில். இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் பெறுவது பரவலான வழக்கம். 30 × 20 × 15 சென்டிமீட்டர் பெட்டியில் அரைக் கிலோ துண்டுகளை வைத்தால் அதன் கன அளவு எடை 1.8 கிலோ. அதே துண்டுகளைத் தட்டையாக மடித்துப் பையில் அனுப்பினால் அரைக் கிலோ படியிலேயே அடங்கக்கூடும். சில கிராம்கள் கூடினாலும் அடுத்த படிக்கான முழுக் கட்டணம் விழும் என்பதால், பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பைக்கும் சேர்த்து எடை பார்ப்பது வழக்கம்.

கட்டாக விற்றல்

ஒரு பார்சலுக்கான செலவு மாறாதென்றால், ஒரு பார்சலுக்குள் இருக்கும் சரக்கின் மதிப்பைக் கூட்டுவதே இயல்பான தீர்வு. மேற்கண்ட துண்டுகளில் ஆறு கொண்ட கட்டை 349 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்ளலாம். ஜி.எஸ்.டி. 16.62, அடக்க விலை 180, பை 8, கூரியர் மற்றும் தளக் கட்டணம் 78, விளம்பரம் 8 ரூபாய் போக மீதி 58.38 ரூபாய். வாங்குபவருக்கு இரண்டு கட்டுகளைத் தனித்தனியாக வாங்குவதைவிட 49 ரூபாய் மிச்சம். விற்பவருக்கோ லாபம் ஏறக்குறைய மூன்று மடங்கு. போக வரக் கூரியர் 130 ரூபாயாக உயர்ந்தாலும், ஒரு பார்சல் திரும்புவதால் போவது இரண்டரை விற்பனைகளின் லாபமே. குறைந்த விலைப் பொருட்கள் இணையத்தில் பெரும்பாலும் மூன்று, ஐந்து, பத்து என்ற கட்டுகளாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

விலைப் போட்டி

ஒரே மொத்தச் சந்தையில் வாங்கிய ஒரே பொருளைப் பலரும் பதிவேற்றும்போது விலையைக் குறைப்பதே போட்டியாகிவிடுகிறது. 199 ரூபாய்க் கட்டை 189க்குக் குறைத்தால் விலை 5 விழுக்காடுதான் குறைகிறது. ஆனால் மீதி 20.50இலிருந்து ஏறத்தாழ 11 ரூபாயாகிறது. முந்தைய லாபத்தையே ஈட்ட, ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

இந்த இழுபறியில் உற்பத்திக்கு அருகில் இருப்பவருக்கே சாதகம். சூரத்தின் சேலை, திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டு உபயோகத் துணி ஆகியவற்றை உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்குபவருக்கு இடைத்தரகு இல்லை. மற்றவர்கள் வடிவமைப்பு, சேர்க்கை, சொந்த வணிகப் பெயர் ஆகியவற்றால்தான் வேறுபட முடியும். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரையோ சின்னத்தையோ போலியாகப் பயன்படுத்துவது கணக்கு முடக்கத்துக்கும் வழக்குக்கும் இட்டுச்செல்லும்.

வரியும் சட்ட விதிகளும்

பிற மாநிலங்களுக்குப் பொருள் விற்க ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், பதிவு வரம்புக்குக் கீழுள்ள சிறு வணிகர்கள் ஒரு பதிவு எண் மட்டும் பெற்று, தம் மாநிலத்துக்குள் இணையச் சந்தை வழியாக விற்க அனுமதிக்கப்படுகின்றனர். பதிவு பெற்றவர்களின் விற்பனையில் 2024 ஜூலை முதல் 0.5 விழுக்காட்டை ஜி.எஸ்.டி. கணக்கிலும், 2024 அக்டோபர் முதல் 0.1 விழுக்காட்டை வருமான வரிக் கணக்கிலும் தளங்கள் பிடித்தம் செய்கின்றன. இவை கூடுதல் செலவல்ல. உரிய படிவங்களைத் தாக்கல் செய்தால் வரவு வைக்கப்படும் தொகைகள். தாக்கல் செய்யத் தவறுபவருக்கே அவை நட்டமாகின்றன.

உறையிட்ட பொருட்களில் எம்.ஆர்.பி., நிகர அளவு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் முகவரி முதலிய விவரங்கள் இருக்க வேண்டும். 2018 முதல் இவற்றுள் பெரும்பாலானவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும். விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரையில்லாத பொம்மைகளை வாங்கிக் குவிப்பவரின் முதல் முழுவதும் முடங்கக்கூடும்.

பணச் சுழற்சி

பொருள் விற்றதும் பணம் கைக்கு வருவதில்லை. ஒப்படைக்கப்பட்டு, தளத்துக்குத் தளம் மாறும் இடைவெளிக்குப் பின்னரே கட்டணங்கள் கழித்து வங்கிக் கணக்கில் சேர்கிறது. அதற்குள் அடுத்த சரக்குக்குப் பணம் தேவைப்படும். பண்டிகைக் கால விற்பனையை நம்பி அதிகச் சரக்கு எடுப்பவர்களுக்கு, ஆர்டர்கள் குவிந்த சில வாரங்களுக்குப் பின் திரும்பி வரும் பார்சல்களும் குவியும். வரவு உயர்ந்த மாதத்தைப் பார்த்து லாபம் என்று எண்ணிச் செலவழித்தால், அடுத்த மாதம் முதலுக்கே மோசம் வரும்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரு பொருளைச் சிறிய அளவில், ஐம்பது அல்லது நூறு எண்ணிக்கையில் விற்றுப் பார்க்கின்றனர். திரும்பி வருவதெல்லாம் வந்து முடிந்தபின், தளம் தரும் பணப்பட்டுவாடா அறிக்கையைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கணக்கிடுகின்றனர். நிலைத்த விற்பனை ஒன்றுக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சியது என்ற ஒரே எண்ணைக் கொண்டு, அப்பொருளைத் தொடர்வதா, கட்டாக மாற்றுவதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கின்றனர். அந்த எண் கட்டுப்படியாகும் பொருளில் மட்டுமே விற்பனை பெருகப் பெருக லாபமும் பெருகும். கட்டுப்படியாகாத பொருளில் பெருகுவது நட்டம்தான்.