இரவல் மருந்தும் சொந்த மருந்தும்

நோய்களுள்ளும் மதிப்புப் பெற்றவை, மதிப்புப் பெறாதவை என்று இரு வகை உண்டு. காய்ச்சலென்றால் வெப்பமானி சாட்சி சொல்லும். கால் முறிந்தால் கட்டுப்போட்ட காலே சாட்சி. ஒற்றைத் தலையிடிக்கோ, அதனை அனுபவிப்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை. வெளிச்சமும் ஓசையும் வாசனையும் தாங்கமாட்டாது, இருட்டறையிற் படுத்து வாந்தியெடுத்துத் தவித்த ஒருவர், மறுநாள் எழுந்து வழக்கம்போல வேலைக்குப் போவதைக் காண்போர், "நேற்றையது வெறுஞ் சாட்டு" என்று எண்ணிவிடுகின்றனர். ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்கு இந்நோய் ஏறக்குறைய மும்மடங்கு மிகுதி. ஆகவே அந்த ஐயமும் பெரும்பாலும் பெண்கள்மீதே விழுந்தது. சமைக்கப் பஞ்சிப்பட்டுப் படுத்துவிட்டாளென்று மருமகளைப் பழித்த வீடுகள் எத்தனையோ!

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்னுங் கிரேக்க வைத்தியர், மண்டையின் ஒரு பாதியைப் பற்றும் இந்நோவுக்கு 'அரைமண்டை' என்று பொருள்படும் பெயரை வழங்கினார். அந்தக் கிரேக்கச் சொல்லே நாளடைவிற் சிதைந்து 'மைக்கிறேன்' ஆயிற்று. நம்மவரும் 'ஒற்றை' என்ற அடைமொழியையே கொடுத்தனர். பெயர் இத்துணைப் பழையது. ஆனால், இந்நோயின் உட்காரணங்களுள் ஒன்றைக் கண்டறிந்து, அது வாராது காப்பதற்கென்றே வடிவமைத்த முதல் மருந்து 2018ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எரெனுமாப் என்பது மருந்தின் பெயர். எய்மோவிக் என்பது கடைப்பெயர். வயதுவந்தோர் மாதத்துக்கு ஒரு முறை, தம் கையாலேயே தொடையிலோ வயிற்றிலோ ஏற்றிக்கொள்ளும் ஊசி அது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரெமனெசுமாப், கல்கனெசுமாப் என்னும் வேறு இரண்டும் வந்து சேர்ந்தன.

அதற்குமுன் மருந்தே இருக்கவில்லையா என்று வாசகர் வினவலாம். வந்த தலையிடியைத் தணிப்பதற்கு மருந்து இருந்தது. 1990களின் தொடக்கத்திற் பழக்கத்துக்கு வந்த சுமத்திரிப்ரன் அத்தகையது. வாராது தடுப்பதற்கு இருந்தவையோ பெரும்பாலும் இரவல். இருதய நோவுக்குக் கொடுத்த புறொப்பிரனலோல் தலையிடியையுங் குறைப்பதை 1960களில் வைத்தியர்கள் தற்செயலாகக் கண்டார்கள். தொப்பிரமேற்று, காக்கைவலிப்புக்காரரிடமிருந்து வந்தது. அமித்திரிப்ரிலீன், மனச்சோர்வுக்காரரிடமிருந்து வந்தது. விலக்காக ஒன்றைச் சொல்லலாம். 1959இல் இத்தாலிய வைத்தியர் சிக்குத்தேரி ஒற்றைத் தலையிடியைத் தடுப்பதற்கெனக் கையாண்ட மெதிசேர்ஜைட்டு அது. சிலரின் வயிற்றுக்குள்ளே சிறுநீர்க்குழாய்களை நெரிக்கும் நார்த்திசுவை வளர்க்கின்றதென்று கண்டபின்னர் அதுவும் வழக்கொழிந்தது.

இரவற் சட்டை சிலருக்குப் பொருந்தும். பலருக்கு எங்கோ இறுக்கும். புறொப்பிரனலோல் களைப்பைத் தரும். தொய்வு நோயுள்ளோருக்கு ஆகாது. அமித்திரிப்ரிலீன் நித்திரையையும் உடற் பருமனையும் கூட்டும். தொப்பிரமேற்று விரல்களை விறைக்கச் செய்வதோடு, பேசும்போது தக்க சொல் நாவில் வாராமலும் செய்துவிடும். இலண்டனில் ஆசிரியையாக இருக்கும் என் தமக்கையார் இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உட்கொண்டவர். "தம்பி, தலையிடி போகேல்லை, வாயிலை வாற சொல்லுத்தான் போகுது" என்று ஒருநாள் தொலைபேசியிற் சொன்னார். சொல்லைக்கொண்டு பிழைப்பவருக்கு அஃது எத்தகைய இழப்பென்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சொந்த மருந்து பிறந்த கதை தைரொயிட்டுச் சுரப்பியிலே தொடங்குகிறது. அங்கே கல்சிற்றோனின் என்னும் ஓமோனை ஆக்குவதற்குரிய பரம்பரையலகே, நரம்புக் கலங்களில் வேறொரு பொருளையும் ஆக்குகின்றதென்பது 1982இல் வெளிப்பட்டது. 37 அமினோவமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. சீ.ஜீ.ஆர்.பீ. என்று அதனைச் சுருக்கி அழைப்பர். முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்ச்சியைத் தரும் முக்கிளை நரம்பின் நுனிகளில் அது தங்கியிருக்கும். வெளிப்பட்டால் குருதிக்குழாய்களை விரியச் செய்யும்.

1990ஆம் ஆண்டில் ஒஸ்திரேலியரான பீற்றர் கோட்ஸ்பியும் சுவீடன் நாட்டினரான லார்ஸ் எட்வின்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தலையிடி நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே நோயாளரின் கழுத்து நாளத்தினின்று குருதி எடுத்து அளந்தனர், அதிலே சீ.ஜீ.ஆர்.பீ. உயர்ந்திருந்தது. கையிலிருந்து எடுத்த குருதியில் அவ்வுயர்வு காணப்படவில்லை. இவ்வரலாற்றில் என்னை மிகவுங் கவர்ந்த கட்டம் இதுவே. இத்தனை நூற்றாண்டுகளாகச் சாட்சியின்றி நின்ற நோவுக்குக் குருதியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது.

ஆயினும், தீப்பற்றிய வீட்டிற் புகை இருப்பதால் புகைதான் தீயை மூட்டியதென்று கூறலாகாதல்லவா? அவ்வையத்தைத் தீர்க்க 2002இல் தென்மார்க்கு நாட்டு ஆய்வாளர், இந்நோய் உடையவர்களின் நாளத்திற் சீ.ஜீ.ஆர்.பீ.யைச் செலுத்திப் பார்த்தனர். தலையிடி வந்தது; சிலருக்குச் சில மணி நேரத்தின் பின் உண்மையான ஒற்றைத் தலையிடியே மூண்டது. கோட்ஸ்பி, எட்வின்சன் ஆகியோரோடு தென்மார்க்கின் ஜெஸ் ஓலெசன், அமெரிக்கராகிய மைக்கல் மொஸ்கோவிற்சு ஆகியோருக்கும் 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான தென்மார்க்குப் பரிசு வழங்கப்பட்டது.

அப்பொருளைத் தடுக்க முதலில் மாத்திரைகளையே தேடினர். அவற்றுள் ஒன்றாகிய தெல்கஜிப்பன்று தலையிடியைக் குறைத்தது. ஆனால் ஈரலைத் தாக்கும் அறிகுறிகள் தோன்றியமையால் 2011இல் கைவிடப்பட்டது. வேறொரு வழி பிறபொருளெதிரி. நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடல் ஆக்கும் புரதமே பிறபொருளெதிரி. ஒரே வடிவினதாய், ஒரே இலக்கைப் பற்றுவதாய் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கும் வித்தையைக் கேம்பிறிட்சில் கோலர், மில்ஸ்ரைன் என்போர் 1975இற் கண்டனர். 1984இல் நோபல் பரிசும் பெற்றனர். எரெனுமாப், சீ.ஜீ.ஆர்.பீ. வந்து பொருந்தும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. மற்றிரண்டும் வாயிலை விட்டுவிட்டு, வருகின்ற ஆளையே வழியில் மறித்துப் பிடிக்கின்றன.

ஊசியாக ஏன் இருக்க வேண்டுமென்றால், புரதத்தை விழுங்கினால் வயிறு அதனை இறைச்சியையும் பருப்பையும் போலச் செரித்துவிடும். மாதம் ஒரு முறை போதுமென்பது ஏனென்றால், இப்புரதம் உடலிலிருந்து மெல்லவே நீங்கும். எரெனுமாப்பின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 28 நாள்கள் செல்லும். ஈரலின் நொதியங்களை நம்பி அது கழிவதில்லை. ஏனைய புரதங்களைப்போல அமினோவமிலங்களாக உடைந்துபோகிறது.

தமக்கையாருக்கு இவ்வூசி எளிதிற் கிடைத்துவிடவில்லை. விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 6,900 டொலர். புறொப்பிரனலோல் மாத்திரையோ மிக மலிவானது. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவைக்கென 2021 மார்ச்சில் வெளியான விதி இது: மாதத்தில் 4 நாளுக்குக் குறையாமல் இந்நோய் வருபவராக இருத்தல் வேண்டும், குறைந்தது 3 தடுப்பு மருந்துகள் பயன்படாமற் போயிருத்தல் வேண்டும். அதாவது, இரவல் மருந்துகள் மூன்றிலே தோற்ற பின்னரே சொந்த மருந்தின் கதவு திறக்கும். அதன்மேலும் 12 வாரங்களில், தலையிடி நாள்கள் மாதத்துக்கு 15க்குக் குறைவாக உள்ளவர்க்குப் பாதியும், அதற்கு மேற்பட்டவர்க்கு நூற்றுக்கு 30 பங்கும் குறையாவிட்டால் ஊசியை நிறுத்திவிட வேண்டும். பொதுப்பணத்தைக் காப்பவர் இப்படிக் கணக்குப் பார்ப்பதை நான் குறைகூறேன். ஆனால் அந்த மூன்று தோல்விகளுக்குள் ஒரு பெண்ணின் எத்தனை ஆண்டுகள் கழிகின்றன என்பது அக்கணக்கில் வருவதில்லை. 2024இல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், பழைய மருந்துகளில் தோற்றிருக்க வேண்டுமென்ற நிபந்தனையின்றி இவற்றை முதலிலேயே கொடுக்கலாமென அறிவித்தது.

ஊசி போடும் முறை பெரிய வித்தையன்று. குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்கும் பேனா போன்ற கருவியை வெளியே எடுத்து, அரை மணி நேரம் தானாகக் குளிர்விட வைக்க வேண்டும். சுடுநீரில் இடலாகாது, குலுக்கவுங் கூடாது. தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விலக்கி வயிற்றிலோ, தொடையிலோ அழுத்திப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால் 15 வினாடியளவில் மருந்து இறங்கிவிடும். கருவியின் சிறு சாளரம் மஞ்சளாகும். ஊசியென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தமக்கையார், முதன்முறை கால்மணி நேரம் பேனாவையும் தொடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பயன் எவ்வளவு? 2017இல் வெளியான பெருஞ் சோதனையொன்றில் 955 பேர் பங்குகொண்டனர். மாதத்துக்குச் சராசரி 8 நாள் ஒற்றைத் தலையிடி உடையோர் அவர்கள். 140 மில்லிகிராம் பெற்றவர்க்கு 3.7 நாளும், 70 மில்லிகிராம் பெற்றவர்க்கு 3.2 நாளும், மருந்தேயில்லாத போலி ஊசி பெற்றவர்க்கு 1.8 நாளும் குறைந்தன. விளம்பரக்காரர் முதல் எண்ணை உரக்கச் சொல்லுவர். கடைசி எண்ணை மெல்லச் சொல்லுவர். இரண்டையுஞ் சேர்த்தே கேட்க வேண்டும். பெரிய அளவு பெற்றவருள் சரிபாதிப் பேருக்கு நோய்நாள்கள் பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தன. போலி ஊசியில் நூற்றுக்கு 26.6 பேருக்கு. இரவலையும் சொந்தத்தையும் நேருக்குநேர் நிறுத்திய செர்மன் நாட்டுச் சோதனை 2021இல் வெளிவந்தது. அதில் 777 பேர். தொல்லை பொறுக்காது தொப்பிரமேற்றை நிறுத்தியோர் நூற்றுக்கு 38.9, எரெனுமாப்பை நிறுத்தியோர் 10.6. என் கண்ணுக்கு இவ்வூசியின் மெய்யான சிறப்பு இந்த இரண்டாவது கணக்கிலேயே தெரிகிறது.

குறையில்லாத மருந்தன்று. எரெனுமாப் மலச்சிக்கலைத் தரும். சிலருக்கு அது கடுமையாகி வைத்தியசாலை வரை கொண்டுபோயிருக்கிறது. குருதியமுக்கம் உயரலாமென்ற எச்சரிக்கை பின்னர் சேர்க்கப்பட்டது. கருவுற்றோர் பற்றிய அனுபவம் போதாது. மெல்லக் கழியும் மருந்தாகையால், ஒவ்வாமற் போனாலும் உடனே வெளியேற்ற வழியில்லை.

தமக்கையார் நாட்காட்டியில் தலையிடி வந்த நாள்களை வட்டமிட்டு வந்தார். ஊசிக்கு முன் மாதத்துக்கு 10 வட்டங்கள். 12 வாரம் கழிந்தபோது 4. எஞ்சிய நாலு நாளும் அவர் பழையபடி இருட்டறையில்தான். சுமத்திரிப்ரன் தலைமாட்டில் இருக்கிறது. ஆயினும் அவர் தேறியவர்.

தேறாதவர்களின் தலையிடிக்கு வேறு பொருள்களுங் காரணமாயிருத்தல் கூடும். 1989இல் செம்மறியாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த பாக்கப் என்னும் நரம்புப்பொருள் அவற்றுள் ஒன்றென எண்ணப்படுகிறது. அதனைத் தடுக்கும் பிறபொருளெதிரி ஒன்றை, முன்னைய தடுப்பு மருந்துகள் பயன்படாதவர்களுக்கே கொடுத்துப் பார்த்த இரண்டாங் கட்டச் சோதனையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. முதல் நான்கு வாரங்களில் மருந்து பெற்றவர்க்கு 6.2 நாளும், போலி மருந்து பெற்றவர்க்கு 4.2 நாளும் குறைந்திருந்தன.