பிரேக் டிஸ்க்கை எப்போது மாற்றுவது?

மும்பையிலிருந்து குடும்பத்தோடு காரில் புணே சென்று திரும்பும் அன்பர்கள் நம்மில் பலர். கண்டாலா மலைச்சரிவில் இறங்கும்போதுதான் பிரேக்கின் அருமை தெரியும். பிரேக்கை அழுத்துகையில் ஸ்டியரிங் அதிர்ந்தாலோ, பெடல் காலடியில் துடித்தாலோ முன்சக்கர டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. அதை பிரேக் பேடுகள் இருபுறமும் கவ்வுவதால்தான் வண்டி நிற்கிறது. நாளடைவில் உராய்ந்து தட்டு மெலியும். மெலிந்த தட்டு சீக்கிரம் சூடேறும், விரிசலும் விடலாம்.

வண்டி நன்றாக ஆறியபின் பாருங்கள். தட்டின் ஓரத்தில் வரப்புப்போல் விளிம்பு நிற்கிறதா? நகத்தால் வருடினால் பள்ளத்தில் சிக்குகிறதா? நீலத் திட்டு தெரிகிறதா? அது அதிகச் சூடு பட்டதன் அடையாளம். விரிசல் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் ஓரிரவில் படியும் துருவுக்கு மட்டும் அஞ்ச வேண்டாம். சில முறை பிரேக் போட்டால் போய்விடும்.

முடிவான தீர்ப்பு அளவில்தான். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அங்கே 20 என்றிருந்து, மைக்ரோமீட்டர் 19.8 காட்டினால், லேத்தில் கடைந்து ஒப்பேற்றக் கூடாது. இடம், வலம் இரண்டு டிஸ்க்கையும் பேடுகளோடு சேர்த்தே மாற்றுங்கள்.

“பேடு மட்டும் போதும் சார்” என்று மெக்கானிக் சொன்னால், “டிஸ்க் தடிமன் எவ்வளவு?” என்று கேளுங்கள். அளந்து காட்டிய பிறகு மலைப்பாதைக்குப் புறப்படலாம்.