எதிரே வந்த வண்டிக்குக் காப்பீடு இல்லையெனில்...

சிவப்பு விளக்குக்காக நின்றிருக்கும் நம் காரின் பின்புறத்தில் ஒரு வேன் மோதுகிறது. தவறு முழுவதும் வேன் ஓட்டுநருடையது. அவ்வண்டியின் காப்பீடு எப்போதோ காலாவதியாகிவிட்டது என்பது பிறகே தெரியவருகிறது. இழப்பை ஈடுசெய்வது யார்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146ஆம் பிரிவுப்படி, மூன்றாம் நபர் காப்பீடின்றிப் பொதுவிடத்தில் வண்டி ஓட்டுவது குற்றம். முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் அபராதத் தொகை அரசுக்குச் செல்வது; அது நம் காரைச் சீர்செய்யாது.

இழப்பீடு கோரும் உரிமை நமக்கு உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்தல் வேண்டும். காப்பீடு இல்லாதபோது, வண்டியின் உரிமையாளரும் ஓட்டுநருமே தொகையைச் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். காப்பீடற்ற வண்டியைப் போதிய பிணையின்றி விடுவிக்கலாகாது என்பதற்கான விதியை மாநிலங்கள் வகுக்க வேண்டுமென 2018-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஆயினும், வசதியற்ற ஒருவரிடமிருந்து தொகையைப் பெறுவது எளிதன்று.

மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டால் வழி வேறு. உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின்கீழ் கிடைக்கும்.

ஆகவே, நமக்கு விரைந்து உதவுவது நம்முடைய காப்பீடே. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்குத் தம் வண்டியின் பழுதுச் செலவு கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு உள்ள முழுமைக் காப்பீட்டில், தவறு யாருடையதாயினும் நம் நிறுவனத்திடமே கோரலாம். கோரினால் ‘நோ கிளைம் போனஸ்’ சலுகையை இழக்க நேரும். ஆதலால் சிறு பழுதுகளுக்கு இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுத்தல் நலம். வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

விபத்து நடந்த இடத்தில் காயமுற்றோருக்கு உதவிய பின், வண்டி எண்ணையும் சேதத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பதிவுசெய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். ‘காப்பீடு இல்லை, கையில் இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எதிர்த்தரப்பினர் கூறினால், சேதத்தின் மதிப்பை அறியும் முன் எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

சேமிப்புக் கணக்குடைய 18 முதல் 70 வயது வரையிலானோர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். எதிரே வந்தவரிடம் காப்பீடு இருந்ததா என்ற கேள்வி இதில் எழுவதேயில்லை. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குவதால், மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு உள்ளதா என ஒருமுறை பார்த்துவிடுங்கள்.