கொழும்பா, பதுளையா? மகளின் படிப்பும் எங்கள் கணக்கும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளிவந்த சில நாட்களிலேயே பத்திரிகைகளில் தனியார் கல்லூரிகளின் முழுப்பக்க விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். "இந்த மாதம் பதிந்தால் கட்டணத்தில் கழிவு" என்று எழுதியிருக்கும். ஆனால் அரச பல்கலைக்கழகங்களுக்கான வெட்டுப்புள்ளி வெளியாவதற்கோ மாதக்கணக்கில் செல்லும். இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் எம்மைப் போன்ற தாய்மார் பலர் தாலிக்கொடியை வங்கிக்குக் கொண்டுபோகிறார்கள். கிடைக்கக்கூடிய இடம் எது என்று தெரியவரும் முன்பே, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பணம் கட்டிவிடுகிறோம்.

நான் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பம் மாத்தளைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தது. 1977 கலவரத்தின் பின் கிளிநொச்சி தருமபுரத்துக்குப் போய்க் குடியேறியவர்களில் என் பெற்றோரும் அடங்குவர். நான் பிறந்து வளர்ந்ததும் திருமணம் செய்ததும் அங்கேதான். 2009 இல் கணவரை இழந்தேன். நான்கு வயது மகளோடு மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2011 இல் மாத்தளையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன்தான் சீகிரியாவில் இந்த வேலையைப் பிடித்துத் தந்தார். மகள் மாத்தளையில் மாமா வீட்டில் நின்று தமிழ்ப் பாடசாலையில் படித்தாள். விடுமுறைக்கு இங்கு வருவாள். வெளிநாட்டவர்கள் வந்து இறங்குவதையும், வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று மொழிகளில் பேசுவதையும் பார்த்துப் பார்த்து, ஹோட்டல் முகாமைத்துவம்தான் படிப்பேன் என்று பதினைந்து வயதிலேயே சொல்லிவிட்டாள்.

2024 மே மாதக் கடைசியில் அவளுடைய பெறுபேறு வந்தது. வர்த்தகப் பிரிவில் நல்ல சித்தி. அவள் கனவு கண்டது கொழும்பில் உள்ள ஒரு தனியார் நிறுவனம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டம், மூன்று வருடம், ஆங்கிலத்தில் படிப்பு. எங்களுக்குச் சொல்லப்பட்ட கட்டணம் 18 இலட்சம் ரூபா. தவணையாகக் கட்டலாம் என்றார்கள்.

"தங்கச்சி, புள்ளையோட ஆசையக் கெடுத்துறாத. நகைய வை, மிச்சத்துக்கு நான் லோன் எடுத்துத் தாறேன்" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் அன்புதான் இருந்தது. தருமபுரத்துக் காணியை விற்பதைப் பற்றியும் பேச்சு வந்தது. அது அனுமதிப்பத்திரக் காணி. நினைத்தபடி விற்க முடியாது. முடிந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். அந்தக் காணிதான் நாங்கள் எங்கோ ஓரிடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே கடதாசி.

மகளும் நானும் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். படிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ், உடுப்பு, கணினி என்று மாதாமாதம் போகும் செலவை எழுதிக் கூட்டியபோது 18 இலட்சம் 30 இலட்சத்தைத் தாண்டியது. அதற்கு வட்டி வேறு.

வரவுப் பக்கம்தான் எங்களை நிறுத்தியது. ஹோட்டலில் என் அடிப்படைச் சம்பளத்தைவிட, ஊழியர்களுக்குப் பகிர்ந்து தரும் சேவைக் கட்டணத்தில்தான் வீடு ஓடுகிறது. சுற்றுலாப் பயணி வந்தால்தான் அது வரும். 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் சீகிரியாவின் அறைகள் வெறுமையாகின. பிறகு கொரோனா. 2021 ஆம் ஆண்டு முழுவதிலும் நாட்டுக்கு வந்தவர்கள் 2 இலட்சம் பேர்கூட இல்லை. தலைதூக்கலாம் என்றிருந்தபோது 2022 இல் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. 2024 இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது உண்மைதான். ஆனால் நான்கு வருடத்தில் மூன்று தடவை அடிபட்ட வருமானத்தை நம்பி, மூன்று வருடத்துக்குத் தவறாமல் தவணை கட்டுவேன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

"அம்மா, ரெண்டாம் வருசம் காசு கட்ட ஏலாமப் போனா என்ன செய்யிறது?" என்று மகளே கேட்டாள். அரைவாசியில் நின்றால் பட்டமும் இல்லை, கட்டிய பணமும் இல்லை. கடன் மட்டும் மிஞ்சும்.

கடன் என்ன செய்யும் என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழுக்கடன் எடுத்து மீள முடியாமல் போன பெண்களுக்காக 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையிலான நிலுவைக் கடன்களை இரத்துச் செய்யவேண்டி வந்தது. 2021 இல் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களில் சிலரைப் போலப் பேசும் பெண்கள் எங்கள் சலவைப் பகுதியிலும் இருக்கிறார்கள்.

வட்டியில்லாக் கல்விக்கடன் ஒன்று உண்டே என்று கேட்பீர்கள். 2017 இல் ஆரம்பித்த திட்டம் அது. அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத மாணவர்கள் தனியார் பட்டப்படிப்பைத் தொடர அரசாங்கம் வட்டியைப் பொறுப்பேற்கிறது. படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்டவேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் அங்கீகரித்த நிறுவனங்களுக்கும் பாடநெறிகளுக்கும் மட்டுமே கிடைக்கும். மகள் விரும்பிய இடம் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை.

பட்டத்தின் பெறுமதியையும் விசாரிக்கவேண்டும். மாலபேயில் இருந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோர் பெருந்தொகை கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டத்தைப் பதிவு செய்வதா இல்லையா என்று மருத்துவ சபையும் நீதிமன்றமும் தெருப் போராட்டங்களுமாக வருடக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் கல்லூரி மூடப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். யார் சரி, யார் பிழை என்பது வேறு விடயம். நடுவில் நின்று தவித்தவர்கள் பிள்ளைகள். ஆகவே பணம் கட்டும் முன் அந்தப் பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். கல்லூரி முகவர் தரும் வர்ணப் புத்தகத்தை நம்பவேண்டாம்.

நாங்கள் காத்திருப்பது என்று முடிவெடுத்தோம். முடிவைச் சொன்னவள் மகள்தான். நான் கணக்கை மட்டும் முன்னால் வைத்தேன். இரண்டு நாள் அழுதாள். பிறகு அனுமதிக் கைந்நூலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அதில்தான், பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல், சுற்றுலா, நிகழ்வு முகாமைத்துவப் பட்டப்படிப்பு இருப்பது எங்களுக்குத் தெரியவந்தது. 2005 இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம். அங்கேயும் ஆங்கிலத்தில்தான் படிப்பு. கட்டணம் இல்லை. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுலா முகாமைத்துவம் உண்டு. இவை எந்த முழுப்பக்க விளம்பரத்திலும் வந்ததில்லை.

இந்த விருப்பு வரிசையை நிரப்பும்போது அவசரப்படக் கூடாது. 2001 முதல் இசட் புள்ளி அடிப்படையில் தெரிவு நடக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் போக, மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புச் சகோதரிகளே, உங்கள் மாவட்டங்கள் அதில் அடங்கும். ஆசிரியத் தொழில் விரும்பும் பிள்ளைக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன; தங்கிப் படிக்கலாம், முடித்தால் நியமனம். மலையகப் பிள்ளைகளுக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்லூரி பக்கத்தில் உள்ளது. வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவளுக்குத் திறந்த பல்கலைக்கழகம். கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உண்டு. அங்கே சட்டப் பட்டத்தைத் தமிழிலேயே படிக்கலாம்.

மகளுக்குப் பதுளை கிடைத்தது. காத்திருந்த மாதங்களில் தம்புள்ளையில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனாள். மாலையில் ஆங்கில வகுப்பு. இப்போது மகாபொல கிடைக்கிறது. 2025 இல் அதை 5,000 இலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். அது போதாதுதான். நான் மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன். தாலிக்கொடி வீட்டில் இருக்கிறது.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவளுடன் படித்த ஒருத்தி கொழும்பில் சேர்ந்தாள். 2027 இல் முடித்துவிடுவாள். என் மகளுக்கு நான்கு வருடம், 2029 ஆகும், வேலைநிறுத்தங்கள் வந்தால் இன்னும் பிந்தும். முதல் சில மாதங்கள் ஆங்கில விரிவுரை புரியாமல் இரவில் தொலைபேசியில் அழுதாள். பகிடிவதைப் பயம் எனக்கு இருந்தது. 1998 இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, முறைப்பாடு செய்யலாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். கொழும்பு நண்பியின் படங்களை முகநூலில் பார்த்தால் இப்போதும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பாள். நானும் எதுவும் சொல்வதில்லை.

என்னோடு வேலை செய்யும் திருகோணமலைச் சகோதரியின் மகள் அடுத்ததாக உயர்தரம் எழுதப்போகிறாள். எங்கள் பழைய கைந்நூலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மகள் பென்சிலால் போட்ட விருப்பு வரிசை அதில் அப்படியே இருக்கிறது. விதிகள் வருடாவருடம் மாறும், புதிய கைந்நூல் வந்ததும் கட்டாயம் வாங்குங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.